கியா ஃபார்ம் தாண்டி நின்ற வண்டி

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்காமல் திரும்ப முடியாது. முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, மண் அப்பிய உடம்போடு சரிவுகளில் ஏறி இறங்கும் வண்டிகள் அவை. தானா ராத்தாவில் இருக்கும் என் சித்தப்பாவிடமும் ஒன்று உண்டு. 1971 முதல் 1985 வரை தயாரான ‘சீரிஸ் 3’ வகை, 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்.

சென்ற பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போயிருந்தோம்.

“திங்கட்கிழமை ஒருத்தர் பார்க்க வர்றார். வித்துடலாம்னு இருக்கேன்” என்றார் சித்தப்பா.

காரணம் இதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது. பட்டறைக்கு இழுத்துப் போனால் உடனே கிளம்பிவிடுகிறது. காயில், கண்டென்சர், பாயின்ட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. போன மாதம் ஏற்றத்தில் நின்று பின்னால் உருண்டபோது சித்தியும் உள்ளே இருந்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் அதில் ஏறுவதில்லை.

“எப்பல்லாம் நிக்குது சித்தப்பா?”

“சனி, ஞாயிறுலதான். கியா ஃபார்ம் நெரிசல்ல சூடாயிடுது போல.”

“வெள்ளிக்கிழமை என்ன செய்வீங்க?”

“டேங்க் நிரப்புவேன். வேறென்ன?”

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. விட்டு விட்டு வரும் கோளாறை அது வரும் நேரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். சனிக்கிழமை காலை, நிரம்பிய டேங்கோடு இருவரும் கிளம்பினோம். சக்கரத்துக்கு அணை கொடுக்க இரண்டு மரக்கட்டைகளையும் எடுத்துக்கொண்டேன்.

பிரிஞ்சாங் கடந்து, கியா ஃபார்ம் சந்தையின் ஸ்ட்ராபெரி, சோளக் கடைகளுக்கு நடுவே ஊர்ந்து, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினோம். குறுகலான பாதை. எஞ்சின் இருமியது, திணறியது, நின்றது.

இறங்கிக் கட்டைகளை வைத்தேன். பட்டென்று அணைந்தால் முதலில் மின்சாரப் பக்கத்தையும், இருமி இருமி நின்றால் பெட்ரோல் பக்கத்தையும் சந்தேகிப்பது வழக்கம். ஆனாலும் இரண்டையும் சோதித்தோம். பிளக்கில் தீப்பொறி நீலமாக, நன்றாக வந்தது. பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணமோ பாதி காலி. பம்பைக் கையால் இயக்கியும் நிரம்பவில்லை.

“டேங்க் மூடியைத் திறங்க சித்தப்பா.”

‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. மறுபடி இயக்கியதும் கிண்ணம் நிரம்பியது.

பெட்ரோல் வெளியேறும் அளவுக்கு டேங்குக்குள் காற்று புக வேண்டும். அதற்கான வழி மூடியில் இருக்கும். பழைய மூடி தொலைந்ததால் வேறொரு வண்டியின் மூடியைப் போட்டிருந்தார் சித்தப்பா. அதில் காற்று வழியே இல்லை. உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் தோற்றுப் போகிறது. டேங்க் நிரம்பியிருந்தால் மேலே காற்று கொஞ்சம்தான். அதனால் வெற்றிடம் சீக்கிரம் கூடும். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடும். கோளாறும் மறைந்துவிடும்.

ஒருமுறை கிளம்பியது தற்செயலாக இருக்கலாம். மூடியை அரைத் திருகு தளர்த்தி ஓட்டினோம், நிற்கவில்லை. திரும்பும்போது இறுக்கினோம், பிரிஞ்சாங்குக்கு முன்பே இருமியது. இனி சந்தேகமில்லை.

இடையில் சுங்கை பாலாஸில் தேநீர் குடித்தோம். 1929இல் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டம் அது. பச்சைச் சரிவுகளைப் பார்த்தபடி சித்தப்பா சொன்னார்: “எங்கம்மா கொழுந்து எடுத்த மலைடா இது. கடைசி காலத்துல இந்த வண்டியிலதான் கூட்டிட்டு வந்து காட்டினேன்.”

விற்க அவர் ஏன் அவ்வளவு தயங்கினார் என்பது அப்போதுதான் புரிந்தது.

திங்கட்கிழமை வந்தவர் தேநீர் குடித்துவிட்டுப் போனார். சரியான மூடி வந்து சேர இரண்டு வாரமாயிற்று. மாட்டிய மறுநாள் சித்தப்பா தொலைபேசியில் அழைத்தார்.

“டேங்க் நிரப்பிட்டு கியா ஃபார்ம் போயிட்டு வந்தோம்டா.”

“வந்தோமா? யாரு கூட?”

“உன் சித்திதான்.”