கணக்கைக் காட்டுதல்

செம்பனைத் தோட்டத்தில் பத்தாண்டுகள் கிராணி வேலை பார்த்த நமக்கு, நம் கூட்டல் தவறாது என்னும் கர்வம் இருந்தது. அதைப் போக்கியவர் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அம்மையார். சம்பளத்தன்று தமது சிறு நோட்டை நீட்டி, “கிராணி ஐயா, என் கணக்கில் இரண்டு நாள் குறைகிறதே” என்றார். கம்ப்யூட்டரில் செக்ரோலைத் திறந்து பார்த்தோம். கூட்டல் 29-ஆம் தேதியோடு நின்றிருந்தது! அவருக்கு மட்டுமன்று, யாவருக்கும் அதே குறை. மற்றையோர் நம்மை நம்பிக் கையொப்பமிட்டிருந்தனர்.

இத்தகைய பிழை தோட்டத்து ஆபீசுக்கே உரியதென்று எண்ண வேண்டா. அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அரசின் கடன் நாட்டின் ஓராண்டு உற்பத்தியில் 90 சதவிகிதத்தைத் தாண்டிய காலங்களில், சராசரி வளர்ச்சி பூஜ்யத்திற்கும் கீழே 0.1 சதவிகிதம் இறங்கியதென்றனர். அரசாங்கச் செலவை வெட்ட விரும்பியோர் அதனை ஆதாரமாகக் காட்டினர்.

மாசசூசெட்ஸ் சர்வகலாசாலை மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், பாடப் பயிற்சிக்காக அக்கணக்கை மீண்டும் போட்டார். விடை ஒத்து வரவில்லை. அவர் கேட்கவே, பேராசிரியர்கள் தங்கள் எக்செல் தாளையே அனுப்பினர். திறந்து பார்த்தால், 20 நாடுகளில் 5 நாடுகள் கூட்டலில் சேரவேயில்லை! 2013-இல் அவரும் அவருடைய ஆசிரியர் இருவரும் இதனை வெளியிட்டனர். விடுபட்ட ஆண்டுகளைச் சேர்த்து, சராசரி எடுத்த முறையையும் மாற்றினால், வளர்ச்சி 2.2 சதவிகிதம் என்றனர். பேராசிரியர்கள் கூட்டல் பிழையை ஒப்புக்கொண்டு, ஏனையவற்றை மறுத்தனர்.

அன்பர்களே! வெளியிலிருந்த எண்களை வைத்து மட்டும் அம்மாணவரால் பிழையைக் காண இயலவில்லை. அவற்றைக் கூட்டிய தாள் கைக்கு வந்த பின்னரே கண்டார். ஆகையால், ஆராய்ச்சியாளர் முடிவை மட்டும் அச்சிட்டால் போதாது. அளந்த எண்களையும், கணக்கிட்ட கம்ப்யூட்டர் நிரலையும் பிறர் சோதிக்கும்படி பத்திரப்படுத்தவும் வேண்டும். இதற்கென ஜெனீவா அருகிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையம் 2013-இல் ஸெனோடோ என்னும் களஞ்சியத்தைத் திறந்தது. எந்நாட்டு ஆராய்ச்சியாளரும் கட்டணமின்றித் தம் எண்களையும் நிரல்களையும் அங்கே சேர்த்து வைக்கலாம்.

கணக்கைக் காட்டுவது மானக்கேடென்று அஞ்சுவோர் உண்டு. நாமும் அஞ்சினோம். குறைந்த கூலியை மறுநாளே கொடுத்துவிட்டோம். முந்தைய மாதங்களில் எத்தனை நாள் விட்டோமோ என்ற எண்ணத்தால் அன்றிரவு உறக்கம் வரவில்லை. பழைய செக்ரோல்கள் பத்திரமாக இருந்தமையால் அவற்றையும் சோதித்தோம். இப்பொழுது சம்பளத்திற்கு இரண்டு நாள் முன்னரே வேலைநாட் கணக்கை ஆபீஸ் வாசலில் ஒட்டிவிடுகிறோம். நோட்டும் கையுமாக முதலில் வந்து நிற்பவர் அந்த அம்மையாரே.