குட்டியனுக்கு ஒரு கதவு

"முஸ்லிம் டீச்சர் வீட்டில் நாயா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

பக்கத்து லயத்துக் குடும்பம் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன நாய் அது. பாதி பொமரேனியன், பாதி தோட்டத்து நாய். முழங்கால் உயரமும் இல்லை. திம்புள்ள மழையில் தேயிலைக்குள் ஓடிவிட்டு வந்தால் கால் இடுக்கெல்லாம் அட்டை. கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றுவேன். வருஷா வருஷம் விசர் தடுப்பூசியும் போடுகிறோம்.

நாங்கள் ஷாபி மத்ஹப். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணோடு. அதற்கென்றே பின்வாசலில் ஒரு வாளியும் ஒரு டின் மண்ணும் இருக்கின்றன. கழுவத்தான் சொல்லியிருக்கிறது, கல்லெறியச் சொல்லவில்லை. தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

உம்மாவுக்கு வேறு கவலை. நாய் இருக்கிற வீட்டுக்குள் மலக்குமார் வரமாட்டார்கள். அதனால் குட்டியன் படுப்பது பின்னால் விறகுக் கொட்டிலில்.

போன மாசம் கீழ் லயத்தில் இரண்டு நாய்களைக் காணவில்லை. சிறுத்தைதான் என்றார்கள். இந்த மலைகளில் இரவில் அது நாய் தேடித்தான் லயத்துக்கு வரும். கொட்டிலுக்கோ கதவில்லை. நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் பாடசாலை விட்டு வந்தால் தச்சு பாஸ் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறார். உம்மா கூப்பிட்டிருக்கிறார், தன் காசில்.

இப்போது இஷா தொழுதுவிட்டு ஜன்னலால் கேட்பார்: "கொண்டி போட்டாச்சா மகள்?"

நேற்று இரண்டு தடவை கேட்டார்.