முன்கட்டா, பின்கட்டா?

மார்ச் 3

ஏப்ரல் கடைசியில் மூன்று நாள், கிராமத்துப் பக்கம். முடிவாகிவிட்டது. முழங்கால் அறுவை முடிந்து என் கணவருக்கு இது முதல் வெளியூர்ப் பயணம். இங்கிலாந்தில் ரெடிங்கில் குடியேறிய நாளிலிருந்து, எந்த ஊரில் இறங்கினாலும் ஒரே கம்பளம், ஒரே கெட்டில், சுவரில் ஒரே படம் என்றிருக்கும் ஹோட்டல்களிலேயே தங்கிச் சலித்துவிட்டது. இந்தத் தடவை பழைய இடம்தான் என்றேன். "பழசு என்றால் குளிருமே" என்றார். ஸ்வெட்டர் எதற்கு இருக்கிறது?

மார்ச் 5

மனசு முதலில் போனது ரை ஊருக்கு. மெர்மெய்ட் இன். நிலவறை 1156-ஐச் சேர்ந்தது, கட்டடத்தைத் திரும்ப எழுப்பியது 1420-இல். 1740-களில் ஹாக்ஹர்ஸ்ட் கும்பல் என்ற கடத்தல்காரர்கள், குண்டு போட்ட துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுப் பகிரங்கமாக இங்கே குடித்துக்கொண்டிருந்தார்களாம். கடத்திய சரக்கில் தேயிலையும் உண்டு. அன்றைக்கு அதன்மேல் வரி அவ்வளவு. டீக்காகத் துப்பாக்கி எடுப்பவர்களை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

ஆனால் விடுதி இருக்கும் தெரு செங்குத்தான ஏற்றம், முழுக்க உருண்டைக் கல். படத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

மார்ச் 8

காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் பிராட்வே கிராமம், லைகன் ஆர்ம்ஸ். உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லஸும் இங்கே தங்கினார், அவர் தலையை வாங்கிய கிராம்வெல்லும் தங்கினார் என்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் இலை போட்ட விடுதி!

இப்படிப்பட்ட விடுதிகள் பலவும் கோச் வண்டிக் காலத்துச் சத்திரங்கள். குதிரை மாற்றவும், பயணிகள் வயிற்றுக்கு எதையாவது போட்டுக்கொள்ளவும் வண்டி நிற்கும். வண்டி முற்றத்துக்குள் நுழைவதற்காகவே அந்த உயர வளைவு வாசல். 1784-இல் பிரிஸ்டலிலிருந்து லண்டனுக்குத் தபால் கோச் ஓடத் தொடங்கியபின் இந்தத் தொழிலுக்கு நல்ல காலம். 1841-இல் அதே தடத்தில் ரயில் முழுசாக ஓடியது; சாலையோரச் சத்திரங்கள் படுத்துவிட்டன. இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லாமல் போனதும் பழசு பிழைத்ததற்கு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வறுமையில் ஓர் இரவு படுக்கத்தான் இன்று நாம் பவுண்டை எண்ணி வைக்கிறோம்.

பிராட்வே நம் கைக்கு எட்டாது. அடுத்தது.

மார்ச் 11

இன்று ஏமாறத் தெரிந்தேன். ஊரும் பேரும் வேண்டாம். விளம்பரத்தில் ஓக் உத்தரம், ஆள் உயரக் கணப்பு. பணம் கட்டும் கட்டத்தில் ஏனோ சந்தேகம் தட்டி, போன் போட்டுக் கேட்டேன்: எங்கள் அறை எந்தக் கட்டடத்தில்? பின்கட்டிலாம். கட்டி முப்பது வருஷம் ஆகிறதாம். நானே அதைவிடப் பழசு.

இனி முதல் கேள்வி அதுதான்: முன்கட்டா, பின்கட்டா? காலைச் சாப்பாடு, பார்க்கிங் எல்லாம் அப்புறம்.

மார்ச் 14

மால்ம்ஸ்பரி, ஓல்ட் பெல். வில்ட்ஷயர். 1220 முதல் நடக்கிறது, இங்கிலாந்தின் மிகப் பழைய ஹோட்டல் என்று சொல்லிக்கொள்கிறார்கள். அப்படிச் சொல்லிக்கொள்ள இன்னும் சிலரும் உண்டு. அந்த வழக்கில் நான் நுழையவில்லை. என்னை இழுத்தது பக்கத்து மடாலயம். ஜன்னலைத் திறந்தால் அதுதான். மடத்துக்கு வந்த விருந்தாளிகளுக்காகத்தான் இந்த விடுதியே எழுந்தது.

எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, ஸ்டம்ப் என்ற துணி வியாபாரி இந்த மடத்தை வாங்கித் தறி போட்டார். கோயிலின் நடுக்கூடத்தை ஊருக்கே கொடுத்துவிட்டார். இன்றும் அங்கே பூசை நடக்கிறது. இங்கிலாந்து முழுதுக்கும் முதல் அரசரான ஏதல்ஸ்டனை 939-இல் இங்கேதான் புதைத்தார்கள். கல்லறை மட்டும் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை. வெளியே புல்தரையில் ஹன்னா ட்வின்னாய் என்ற சத்திரத்து வேலைக்காரப் பெண்ணின் கல். 1703-இல் அவளைப் புலி அடித்தது. வில்ட்ஷயரில் புலி! ஊர் ஊராக விலங்கு காட்டிப் பிழைத்தவர்கள் கொண்டுவந்தது.

இன்னொருவர் எய்ல்மர். பதினொன்றாம் நூற்றாண்டுத் துறவி. கைகாலில் இறக்கை கட்டிக்கொண்டு கோபுரத்திலிருந்து குதித்து, இருநூறு மீட்டருக்குமேல் பறந்து, இரண்டு காலையும் முறித்துக்கொண்டார். வால் வைக்க மறந்ததுதான் தப்பு என்றாராம்.

மார்ச் 15

போன் செய்தேன். முன்கட்டில் மாடி அறை இருக்கிறது; படி ஏற வேண்டும். பின்னால் கோச் ஹவுஸில் தரைத்தள அறை. படி இல்லை, பழசும் இல்லை. இரண்டையும் இரவு வரை பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு அவரிடம் வந்தேன். மனசுக்குள் கோச் ஹவுஸ் என்றே தீர்மானித்தாயிற்று. பகலெல்லாம் கணப்பு அருகே உட்கார்ந்துகொண்டால் போகிறது.

அவர் கேட்டது வேறு. "அந்தப் பறந்த சாமியார், கால் உடைந்தபிறகு எத்தனை நாள் இருந்தார்?"

"கிழவர் ஆகும்வரை. 1066-இல் வால்நட்சத்திரம் வந்ததைக்கூடப் பார்த்திருக்கிறார்."

"நொண்டிக்கொண்டா?"

"நொண்டிக்கொண்டுதான்."

ஹாலில் நம் வீட்டு மாடிப்படிமுன் போய் நின்றார். ஒரு கை கைப்பிடியில், மெதுவாக ஏறினார், இறங்கினார். பதின்மூன்று படி.

"மாடி அறையையே போடு" என்றார்.