லாக்ஸ்டன்: மூன்று வயல்களின் ஓராண்டு

நவம்பர், கடைசி வியாழன்

நாட்டிங்காம்ஷயரின் லாக்ஸ்டன் கிராமத்தில் இன்று ஜூரி நாள். இந்த ஆண்டு கோதுமை விதைத்த வயலில் விவசாயிகளே ஜூரிகளாக இறங்கி நடக்கிறார்கள். இங்கே ஒருவர் நிலத்துக்கும் அடுத்தவர் நிலத்துக்கும் நடுவே வேலி கிடையாது. பொதுப்பாதையைக் கொஞ்சம் சேர்த்து உழுதவர் யார், எல்லையை நகர்த்தியவர் யார் என்று பார்த்து, சரியான இடத்தில் முளை அடிக்கிறார்கள். தவறு செய்தவர் அந்த ஜூரியிலேயே ஒருவராகவும் இருக்கலாம்; அதற்காக யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

டிசம்பர், முதல் வியாழன்

டவ்கோட் இன் என்ற மதுக்கடையில் ‘கோர்ட் லீட்’ என்ற நிலமானிய நீதிமன்றம் கூடுகிறது. அபராதப் பட்டியல் வாசிக்கப்படுகிறது. வரும் ஆண்டுக்கான ஜூரி உறுதிமொழி எடுக்கிறது. இடைக்காலத்து நிலமானிய நீதிமன்றங்களின் அதிகாரத்தை 1977-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதும் முடிவுக்குக் கொண்டுவந்தபோது, லாக்ஸ்டனின் கோர்ட் லீட்டுக்கு விலக்கு அளித்தது.

வசந்தம்

ஊரின் மூன்று வயல்கள்: மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல். ஒன்றில் குளிர்காலக் கோதுமை நிற்கும். இன்னொன்றில் வசந்தகால விதைப்பு. மூன்றாவது தரிசாகவோ தீவனத்துக்கோ விடப்படும். அடுத்த ஆண்டு முறை மாறும். யாரும் தனியாகத் தீர்மானிக்க முடியாது.

1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த இவ்வூரின் நில வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டு நிலமும் யார் கையில் இருந்தது என்பதை அதிலிருந்து அறியலாம். அன்று இருந்தவை ஆயிரக்கணக்கான துண்டுகள். பின்னர் நிலங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டதால் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. முறை மட்டும் நிலைத்தது. இங்கிலாந்தின் மற்ற கிராமங்களில் பெரும்பாலானவையோ பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வேலி போட்டுப் பிரிந்துபோயின.

கோடை

உழவே படாத ஈரப் புல்வெளிகளுக்கு இங்கே ‘சைக்’ என்று பெயர். காட்டுப்பூக்கள் செழித்திருப்பதால் அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள். அவற்றின் புல் ஏலத்துக்கு வருகிறது. உழாமல் விட்டதுகூட ஊரின் கணக்கில் அடங்குகிறது.

அறுவடைக்குப் பின்

1952-இல் மான்வர்ஸ் பிரபுவிடமிருந்து வேளாண் அமைச்சகம் லாக்ஸ்டனை வாங்கியது. 1981-இல் அது கிரௌன் எஸ்டேட்டுக்குப் போனது. 2020-இல் அந்தப் பிரபு குடும்பத்தின் தோர்ஸ்பி எஸ்டேட்டிடமே திரும்பியது. கைமாறிய ஒவ்வொரு முறையும் இந்த முறை நிலைக்குமா என்ற கவலை எழுந்திருக்கும். அதைக் காப்பாற்றி வந்தது பத்திரத்தில் இருந்த பெயர் அல்ல. பக்கத்து வீட்டுக்காரனின் நிலத்தையும் தன் நிலத்தையும் ஒரே கண்ணால் அளக்க ஆண்டுதோறும் வயலில் இறங்கும் இந்தக் குத்தகை விவசாயிகள்தான். கோதுமை இனி அடுத்த வயலுக்கு மாறுகிறது. நவம்பரில் ஜூரி அங்கே நடக்கும்.