லோ ரேம் என்று ஒரு வரி

சென்னை ரிச்சி தெருவில் பகல் பதினொரு மணிக்கே தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. நான் தேடிப் போனது மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசை மட்டும் போட இடமுள்ள சர்வீஸ் கடை. கையில் அம்மாவின் போன். 2 ஜிபி ரேம், 32 ஜிபி சேமிப்பு, உள்ளே ஆண்ட்ராய்டு கோ.

ஊரிலிருந்து வீடியோவில் என்னோடு பேசிக்கொண்டே மருந்துச் சீட்டைத் திறந்து பார்க்க வேண்டும், அம்மா கேட்டது இவ்வளவுதான். ஆனால் சீட்டைத் திறந்ததும் என் முகம் மறைந்துவிடும். மற்ற போன்களில் மூலையில் சின்னக் கட்டமாக நிற்குமே, அது இதில் வராது. "வச்சிட்டியாடி?" என்று ஒவ்வொரு முறையும் பதறுவாள். கண் பரிசோதனைக்காக அவள் சென்னை வந்த வாரத்தில் போனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"போன்ல கோளாறு இல்லக்கா. கோ-ன்னா அப்படித்தான்," என்றார் கடைக்காரத் தம்பி.

கோ வந்தது 2017 டிசம்பரில், ஆண்ட்ராய்டு 8.1-உடன். 1 ஜிபியும் அதற்குக் குறைவும் ரேம் உள்ள போன்கள் திணறாமல் ஓடுவதற்காக, நினைவகத்தை விழுங்கும் வசதிகளை எடுத்துவிட்டார்கள்: திரையை இரண்டாகப் பிரிப்பது, மூலையில் மிதக்கும் வீடியோ போன்றவை. அந்த முடிவில் நியாயம் இருக்கிறது. எத்தனையோ பேரின் முதல் ஸ்மார்ட்போன் அதனால்தான் ஓடியது. பின்னால் 2 ஜிபி போன்களிலும் கோ வந்தபோது அதே கத்தரிப்பும் கூடவே வந்தது.

கோவை எடுத்துவிட்டு முழு ஆண்ட்ராய்டை ஏற்றிப் பார்க்கலாம் என்று முடிவானதும், தம்பி முதலில் கேட்டது போட்டோக்களைப் பற்றி. அதற்கு பூட்லோடர் என்ற தொடக்க மென்பொருளின் பூட்டைத் திறக்க வேண்டும்; திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பேத்தியின் படங்கள், அப்பா பாடிய ஒரு ஆடியோ எல்லாம் என் லேப்டாப்பில் ஏறிவிட்டதா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினார். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்தது.

ஆண்ட்ராய்டு 8-இலிருந்தே, போன் தயாரித்தவரின் வன்பொருள் பகுதியும் ஆண்ட்ராய்டு பகுதியும் தனித்தனி. ட்ரெபிள் என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். அதனால் பொதுவான ஒரு முழு ஆண்ட்ராய்டைக் கொண்டுவந்து மேலே பொருத்த முடிகிறது. ஆனால் எதை வேண்டுமானாலும் பொருத்த முடியாது. இந்த போனின் சிப் 64 பிட். நினைவகம் மிச்சமாகட்டும் என்று உள்ளே போட்டிருந்ததோ 32 பிட் ஆண்ட்ராய்டு. அந்த ஜோடிக்கென்றே செய்த ஃபைலைத்தான் தேடி எடுக்க வேண்டும். மாறினால் போன் எழுந்திருக்காது.

ஃபாஸ்ட்பூட் என்ற கருவியால் ஏற்றி முடித்து, திரையில் எழுத்து வர ஆறேழு நிமிடம் ஆனது. என் போனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தோம். மூலையில் கட்டம் வரவில்லை! முழு ஆண்ட்ராய்டு ஏறியும் பழைய குணம் போகவில்லை. எனக்கு முகமே வாடிவிட்டது.

தம்பி கேபிளைச் செருகி ஏதோ தட்டினார். கணினியில் வெள்ளை எழுத்தாக வரிகள் ஓடின. ஒன்றின் மேல் விரலை வைத்தார்: லோ ரேம், ட்ரூ. நாங்கள் தொடாமல் விட்ட வன்பொருள் பகுதியில் அந்த வரி அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைப் படிக்கும் எந்த ஆண்ட்ராய்டும் தன்னைக் கோ போனாகவே நினைத்துக்கொள்ளும். ரூட் என்ற முழு அனுமதியை எடுத்து, ட்ரூவை ஃபால்ஸ் ஆக்கி, மறுபடி ஆன் செய்தார். இந்த முறை என் முகம் மூலையில் வந்து நின்றது.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் தம்பி மறைக்கவில்லை. பூட்டு திறந்த போனைப் பல வங்கிச் செயலிகள் ஏற்பதில்லை. கம்பெனி அப்டேட் இனி வராது. 2 ஜிபியில் முழு ஆண்ட்ராய்டு கொஞ்சம் மூச்சு வாங்கும். ஒரு செயலியை விட்டுப் போய்த் திரும்பினால் முதலிலிருந்து திறக்கும். போனில் பணம் அனுப்புகிறவர்கள் ஆண்ட்ராய்டு கோ-விலேயே இருந்துகொள்வது நல்லது என்பேன். அம்மா இன்னும் பாஸ்புக்கோடு வங்கிக்குப் போகிறவள் என்பதால்தான் நான் துணிந்தேன்.

சாயங்காலம் வீட்டில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கூப்பிட்டேன். சீட்டைத் திறந்தாள். என் முகம் இரண்டாவது மாத்திரையின் மேல் வந்து நின்றது. அம்மா ஆள்காட்டி விரலால் என்னைக் கீழே தள்ளி வைத்துவிட்டு, "ராத்திரிக்கு அரை" என்று படித்தாள்.