நாலு அறையும் ஒரு குத்தகை உறுதியும்

யாழ்ப்பாணத்தில் முதலீடு என்று கதை எடுத்தால் இரண்டு விசயம்தான் வரும். ஒன்று காணி வாங்குவது, மற்றது வங்கியில் நிலையான வைப்பில் போடுவது. காணிக்கு வெளிநாட்டுக் காசோடு போட்டி போட வேண்டும். திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் ஒரு பரப்பு, அதாவது வெறும் 10 பேர்ச், என்னுடைய பல வருசச் சம்பளம். வைப்பைப் பற்றிக் கேட்டால், 2022இல் 20 வீதத்துக்கும் மேல் வட்டி தந்தார்கள் என்று இப்பவும் பெருமூச்சு விடுகிற ஆக்கள் இருக்கிறார்கள். அதே வருசம் செப்டெம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதம் என்பது அவர்களுடைய ஞாபகத்தில் இல்லை.

நானும் சிநேகிதியும் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்தோம். திருத்தினோம். அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறோம். அவள் சீட்டெடுத்த காசு, நான் சேர்த்து வைத்த காசு, இரண்டையும் சேர்த்தால் 10 லட்சம் வராது. அந்தக் காசோடு வீட்டு வாடகைத் தொழிலுக்குள் கால் வைக்கலாமா என்று கேட்கிற எங்கள் வயது ஆக்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கட ஒழுங்கைகளில் நடந்து பாருங்கோ. கேற்றில் துருப்பிடித்த ஆமைப்பூட்டு, மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற பற்றை, உள்ளே நாலறை வீடு. சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். இரண்டு ஒழுங்கை தள்ளி, கம்பஸ் பிள்ளைகளும் கடையில் நிற்கிற பெட்டைகளும் வேலைக்கு வந்த பெடியளும் அறை தேடி அலைவார்கள். வீடும் இருக்கிறது, ஆக்களும் இருக்கிறார்கள். இடையில் இருப்பது பயம்.

எங்கட வீடு சிநேகிதியின் பெரியம்மாவினுடையது. 1984இல் கட்டினது. அம்மம்மா செத்த பிறகு பூட்டினது பூட்டினபடிதான். முதல் தரம் வட்ஸ்அப்பில் கதைத்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "பிள்ளை, சனத்தை விட்டால் பேந்து எழுப்பேலாது."

இதை வெறும் கிழவிக் கதை என்று தள்ளிவிட முடியாது. 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் குடியிருப்பவரை நீதிமன்றத்துக்குப் போகாமல் எழுப்ப விடவில்லை. அங்கே போனாலும் சட்டம் சொல்கிற சில காரணங்களுக்கு மட்டும்தான். அடுத்த வருசம், 1973இல், ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்றே ஒரு சட்டம் வந்தது. 1980க்குப் பிறகு கட்டி வாடகைக்கு விட்ட வீடுகள் வாடகைச் சட்டத்திலிருந்து பெரும்பாலும் விலக்கப்பட்டுவிட்டன. ஆனால் சட்டம் மாறின வேகத்தில் எங்கட பெரியாக்களின் பயம் மாறவில்லை. அதோடு இன்னொரு பயமும் ஒட்டிக்கொண்டது: பத்து வருசம் இருந்தால் வீடு இருக்கிறவனுக்குச் சொந்தமாகிவிடும்.

இந்தப் பத்து வருசக் கதையை எல்லோரும் அரைகுறையாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அது 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தில் இருந்து வருகிறது. பத்து வருசம் சும்மா இருந்தால் போதாது. சொந்தக்காரரின் உரிமையை மறுத்து, தன்னுடையது போல இடையூறில்லாமல் ஆண்டிருக்க வேண்டும். மாசா மாசம் வாடகை கட்டுகிறவர் ஒவ்வொரு மாசமும் "இது உங்கட வீடுதான்" என்று ஒப்புக்கொள்கிறார். ஆகவே எழுத்தில் வாடகைக்கு விட்ட வீட்டை விட, கவனிக்க ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குத்தான் ஆபத்துக் கூட. இதை நாங்கள் பெரியம்மாவுக்கு மூன்று தரம் சொன்னோம். மூன்றாவது தரம் அவர் மகனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்.

இனி எழுத்து. முத்திரை ஒட்டின தாளில் இரண்டு பேர் கையெழுத்து வைத்து, "அக்ரிமென்ட் போட்டாச்சு" என்று சொல்கிற வழக்கம் இங்கே பலமாக இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புச் சட்டத்தின்படி ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் உறுதியாக எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் குத்தகை செல்லாது. ஐந்து வருசத்துக்கு ஒரு வீட்டில் காசைக் கொட்டப் போகிறவர்கள் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பெரியம்மா அங்குள்ள இலங்கைத் தூதரகக் கந்தோரில் அற்றோர்ணித் தத்துவம் முடித்து அனுப்பினார். அதை இங்கே பதிந்து, காணிப் பதிவகத்தில் பதிவுகளை எடுத்து, வீட்டில் ஈடோ வேறு பங்காளரோ இல்லை என்று பார்த்த பிறகுதான் நாங்கள் கையெழுத்து வைத்தோம். எங்கட பக்கத்துக் காணிகளில் பங்காளர் பிரச்சினை சாதாரணம். தேசவழமையில் விற்பனை என்று வந்தால் பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமையும் இருக்கிறது. நாங்கள் வாங்கவில்லைத்தான், ஆனாலும் வீடு யாருடையது என்று முழுசாகத் தெரியாமல் அதற்கு ஓடு போட முடியாது.

உறுதியில் நாங்கள் கேட்டு எழுதுவித்த வசனம் ஒன்று உண்டு: மற்றவர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட எங்களுக்கு அனுமதி உண்டு. அந்த ஒரு வசனம் இல்லாவிட்டால் மிச்சம் எல்லாம் வீண்.

திருத்த வேலைக்கு 9 லட்சத்து 40 ஆயிரம் முடிந்தது. கறையான் தின்ற வளை, சிலாகை, ஓடு, வயறிங், கிணறு இறைப்பு, இரண்டு மலசலகூடம். 2021இல் ஆயிரம் ரூபாச் சொச்சத்துக்கு வாங்கின சீமெந்துப் பை 2022இல் 3,000 ரூபாவைத் தாண்டினதைப் பார்த்த ஆக்களுக்கு ஏன் புதிசாகக் கட்டாமல் பழசைத் திருத்தினோம் என்று விளக்கத் தேவையில்லை. பெயின்றுக்குக் காசு மிஞ்சவில்லை, சுண்ணாம்புதான் அடித்தோம். மலசலகூடக் குழிக்கு மட்டும் மேசன் சொன்ன மலிவு வழியை நாங்கள் கேட்கவில்லை. குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். குழியில் விடுவது கல்லின் வெடிப்புக்குள்ளால் கிணற்றுக்கு வந்து சேரும். குடிக்கிறதும் அதே தண்ணிதான். எட்டுப் பேர் இருக்கப் போகிற வளவு.

கரண்டையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு வாடகை வீட்டில் சண்டை தொடங்குகிற இடம் அதுதான். அலகு கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் கூடுகிறது. நாலு அறையும் ஒரே மீற்றரில் ஓடினால் தனித்தனியாகக் கொஞ்சமாகப் பாவிக்கிறவர்களும் சேர்ந்து கூடின கட்டணத்துக்குள் விழுவார்கள். அறைக்கு ஒரு சப் மீற்றர் பூட்டினோம். மொத்த பில் குறையாது, ஆனால் "அவன்ர பான் இரவு முழுக்க ஓடுது" என்ற வழக்கு எங்களிடம் வருவதில்லை.

இனிக் கணக்கு. ஒரு அறை 9,000 ரூபா. இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு 4,500. நாலு அறைக்கும் 36,000. பெரியம்மாவுக்கு மாசம் 8,000. சோலை வரி, சின்னச் சின்னத் திருத்தம், கிணற்று மோட்டர் என்று 4,000 ஒதுக்கினால் கையில் 24,000. வருசம் 2 லட்சத்து 88 ஆயிரம். போட்ட காசு மூன்றே கால் வருசத்தில் திரும்பும், மிச்ச ஒன்றே முக்கால் வருசம் இலாபம். இரண்டு அறை மட்டும் வருசத்தில் ஆறு மாசம் ஆளில்லாமல் கிடந்தால்? 1 லட்சத்து 8 ஆயிரம் போய்விடும். கையில் 1 லட்சத்து 80 ஆயிரம்தான். அப்போது முதல் திரும்பவே ஐந்து வருசத்துக்கு மேல் ஆகும், குத்தகையோ ஐந்து வருசம். மலிவு வாடகையில் உங்களைத் தின்பது குறைந்த வாடகை அல்ல, ஆளில்லாத மாசங்கள். 9,000 அறையை 10,000 ஆக்கி ஒன்றரை மாசம் காலியாக வைத்திருந்தால் அந்த வருசம் நட்டம்தான்.

அந்த ஆளில்லாத மாசங்கள் எங்கிருந்து வருகின்றன? ஒரு பகுதி கம்பஸ் லீவு, ஒரு பட்ச் முடிந்து மற்ற பட்ச் வரும் வரை இடைவெளி. அதனால்தான் இரண்டு அறையைப் பிள்ளைகளுக்கும் இரண்டை வேலை செய்கிற ஆக்களுக்கும் என்று பிரித்தோம். மற்றப் பகுதி கேற்றடியில் நடக்கிறது.

அறை பார்க்க வருகிறவரிடம் இங்கே கேட்கிற முதல் கேள்வி "எந்த ஊர்?" அது ஊரைக் கேட்கிற கேள்வி இல்லை என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். ஊரைச் சொன்னால் குறிச்சி, குறிச்சியைச் சொன்னால் எந்தக் கோயிலடி, அதோடு சாதி பிடிபட்டுவிடும். மலையகப் பிள்ளை என்றால் ஒரு முகம், முஸ்லிம் என்றால் ஒரு முகம், தனியாக வேலை செய்கிற பெண் என்றால் "இரவு எத்தனை மணிக்கு வருவியள்?" சிங்களப் பிள்ளைகளுக்கு மட்டும் சில வீட்டுக்காரர் இரண்டாயிரம் கூடச் சொல்லி விடுவார்கள், அதில் கொள்கைப் பிரச்சினை ஒன்றும் வராது.

2007 ஜூனில் கொழும்பில் லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை விடியப்புறம் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. "ஏன் கொழும்பில் நிற்கிறாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்த சனம் நாங்கள். அதே சனம் கோண்டாவிலில் கேற்றைப் பாதி திறந்துகொண்டு நின்று கேட்கிறது.

நாங்கள் கேட்பது மூன்று: என்ன வேலை அல்லது படிப்பு, எப்போது வருவீர்கள், ஒரு மாச முற்பணம் எப்போது தருவீர்கள். அடையாள அட்டைப் பிரதி வாங்குகிறோம். வேறு ஒன்றும் இல்லை. முதல் கிழமையே பக்கத்து வீட்டு மாமா மதிலடிக்கு வந்தார். "பிள்ளையள், ஆர் ஆக்கள் எண்டு விசாரிச்சே விட்டனியள்?"

"ஓம் மாமா. ஒராள் ஹற்றன், கம்பஸ். மற்றவை ரெண்டு பேரும் புடவைக் கடை, அக்காவும் தங்கச்சியும்."

"அதில்லைப் பிள்ளை..."

அவர் முடிக்கவில்லை, நாங்களும் முடித்து வைக்கவில்லை. ரொறன்ரோவுக்குக் கோல் போயிருக்கிறது என்பது அடுத்த நாள் தெரிந்தது. பெரியம்மா சிநேகிதியிடம் கேட்டது வேறு: வாடகை ஒழுங்காக வருகிறதா? வருகிறது பெரியம்மா. கிணத்தடி துப்புரவாக இருக்கிறதா? இருக்கிறது. "அப்ப அந்தாளுக்கு என்னவாம்?"

ஒன்றரை வருசம் ஆகிறது. இதுவரை மொத்தம் ஐந்து அறை மாசம்தான் ஆளில்லாமல் கிடந்திருக்கிறது, அதில் மூன்று கம்பஸ் மூடினபோது. புடவைக் கடை அக்கா போன மாசம் கேட்டா, தங்கச்சிக்குக் கலியாணம் முடிந்தால் அறையைத் தான் ஒராள் மட்டும் வைத்திருக்கலாமா, 9,000 கட்டேலாது, 6,500 தரலாம் என்று. சிநேகிதி மாட்டேன் என்கிறாள். புது ஆள் தேடுகிற இரண்டு மாசத்தில் 18,000 போகும், அக்காவை வைத்திருந்தால் ஏழு மாசத்தில்தான் அவ்வளவு போகும் என்று நான் கணக்குக் காட்டியிருக்கிறேன். எட்டாம் மாசத்துக்கு என்ன பதில் என்று கேட்கிறாள். இந்த ஞாயிறு கிணத்தடியில் இருந்து கதைக்க வேண்டும்.