இறக்கத்தில்தான் லாரி

புது லாரி எடுக்கும் ஓனர்கள் கேட்பது எத்தனை எச்.பி., லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை டன் பாஸிங் என்பதைத்தான். பிரேக் என்ன வகை, ஸ்லாக் அட்ஜஸ்டர் தானாகச் சரிசெய்துகொள்வதா, கையால் திருகுவதா என்று கேட்பவர் அபூர்வம். நாமக்கல் வட்டாரத்தில் பிரேக் வேலை மட்டுமே பார்த்து வருகிறவன் நான். லாரி, டிரெய்லர், கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி என்று எல்லாம் வரும். இத்தனை வருடம் சக்கரத்துக்குப் பின்னால் குந்தி வேலை பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. கனரக வண்டியின் பொறியியல் எப்படிப்பட்டது என்பது ஏற்றத்தில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும். ஏற்றத்தில் சக்தி போதாவிட்டால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இறக்கத்தில் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாயின் விபத்துகள் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 49 டன் எடையுள்ள டிரெய்லர் 300 மீட்டர் உயரம் இறங்குகிறது. அந்த உயரத்தில் வண்டிக்குள் சேர்ந்திருந்த ஆற்றல் சுமார் 40 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அரை டன் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அவ்வளவு வெப்பத்தையும் எங்காவது கொண்டுபோய்த் தள்ளியாக வேண்டும். இதையே வேகத்தோடு சேர்த்துப் பார்த்தால் இன்னும் திகைப்பாக இருக்கும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் இறங்கும் சாய்வில், அதே வண்டியை மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் பிடித்து வைக்கத் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ 270 எச்.பி. அதில் முப்பதை டயரின் தடையும் எதிர்க்காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி 240. அந்த வண்டியின் இன்ஜினே 230 எச்.பி.தான்! இன்ஜின் முழு மூச்சில் இழுப்பதற்குச் சமமான வேலையை பிரேக் செய்ய வேண்டியிருக்கிறது. வேகம் 60 ஆனால் இது இரண்டு மடங்கு. இன்ஜினுக்கு ரேடியேட்டர் உண்டு, ஃபேன் உண்டு, ஆயில் கூலர் உண்டு. பிரேக் டிரம்முக்கு இருப்பது சக்கரத்தின் இடுக்கில் நுழையும் காற்று மட்டும்.

டாடா வண்டிகளின் பேரிலேயே பாரம் ஏறிவந்த கதை எழுதியிருக்கிறது. 1210 என்றால் 12 டன் மொத்த எடை, 100 எச்.பி. சுமாராகச் சொன்னால், முதல் இரண்டு எண் எடை, அடுத்த இரண்டைப் பத்தால் பெருக்கினால் சக்தி. 4923 என்றால் 49 டன், 230 எச்.பி. டன்னுக்கு எட்டு எச்.பி. இருந்த இடத்தில் ஐந்துகூட இல்லை. 5530இல் கொஞ்சம் தேறி ஐந்தரைக்கு வந்திருக்கிறது. 2018 ஜூலையில் நான்கு டயர் போட்ட ஒற்றை ஆக்ஸிலுக்கான பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக அரசு உயர்த்தியது. ஓனர்களுக்கு அது நல்ல சேதிதான், மறுக்கவில்லை. ஆனால் என் கைக்கு வரும் டிரம் இன்னமும் 400 மில்லிமீட்டர் விட்டத்தைச் சுற்றியே இருக்கிறது. ரிம்முக்குள் அடங்க வேண்டிய பொருள், அதற்கு மேல் வளர இடமில்லை.

நம் ஊர் லாரியின் வரலாறு இரண்டு வேர்களிலிருந்து வந்தது. 1948இல் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகத் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டோடு சேர்ந்து 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் டாடாவின் டெல்கோ ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கைகோத்தது. அந்த ஒப்பந்தம் 1969இல் முடிந்த பிறகும் 697 இன்ஜினில் பென்ஸின் ரத்தம் ஓடியது. ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் என்பதுதான் 697. இன்ஜினைப் பற்றி எழுதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். 1962இல் சென்னைக்கு அருகே பாடியில் சுந்தரம்-கிளேட்டன், இங்கிலாந்தின் கிளேட்டன் டிவான்டர் கூட்டோடு ஏர் பிரேக் செய்ய ஆரம்பித்ததை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. லாரியின் பாரம் ஏற ஏற, காலால் மிதிக்கும் விசை போதாமல் போனபோது காற்றுதான் கைகொடுத்தது.

ஏர் பிரேக்கின் யோசனை ரயிலிலிருந்து வந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காப்புரிமை வாங்கிய முதல் பிரேக்கில் காற்று போனால் பிரேக்கும் போய்விடும். மூன்று வருடத்தில் அவரே அதைத் தலைகீழாக மாற்றினார். காற்று போனால் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும் என்பது புது முறை. லாரியின் பின்சக்கரத்து ஸ்பிரிங் பிரேக்கும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. பிரேக் சேம்பருக்குள் இருக்கும் கனத்த ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. காற்றுதான் அதை விலக்கி வைக்கிறது. அதனால்தான் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிரைவர் ஏர் ஏறும்வரை காத்திருக்கிறார். என்னைக் கேட்டால், மொத்த லாரியிலும் இதைவிட நேர்மையான யோசனை வேறில்லை. பழுதானால் நின்றுவிடு என்று வண்டிக்கே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

இனி டிரம்முக்குள் போவோம். "பிரேக் புடிக்குதுங்கண்ணா, ஆனா வண்டி நிக்க மாட்டேங்குது" என்று டிரைவர் சொன்னால் நான் முதலில் டிரம்மைக் கழற்றுவதில்லை. ஒருவரை மேலே ஏறி மிதிக்கச் சொல்லிவிட்டு, கீழே படுத்து சேம்பரிலிருந்து வெளிவரும் புஷ் ராடைப் பார்ப்பேன். முழுதாக மிதித்த நிலையில் புஷ் ராடும், அது தள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டரும் செங்கோணத்தில் நிற்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் அதே காற்று, அதே அழுத்தம், ஆனால் ஷூவை விரிக்கும் கேமைத் திருப்பும் விசை குறைந்துவிடும். ராடு இன்னும் நீண்டு சேம்பரின் எல்லையைத் தொட்டுவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் பலன் இல்லை. சமவெளியில் இது தெரியாது. இறக்கத்தில் டிரம் சூடாகி விரியும், ஷூவை விட்டு விலகும், ராடு இன்னும் அரை அங்குலம் கூடுதலாக ஓட வேண்டும். அந்த அரை அங்குலம் மிச்சமில்லாத வண்டிதான் பாதி மலையில் பிரேக் இல்லாத வண்டியாகிறது. டிரைவர் பொய் சொல்லவில்லை. கிளம்பும்போது பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

டிரம்மைக் கழற்றினால் மீதிக் கதை அதன் உள்முகத்தில் இருக்கும். நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் கடுமையாகச் சூடேறியிருக்கிறது. நகத்தால் வருடினால் தட்டுப்படும் மெல்லிய குறுக்கு விரிசல்கள் அந்தச் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வந்ததற்கான அடையாளம். லேத்தில் கொடுத்துக் கடைந்து எடுக்கலாம் என்று ஓனர் கேட்பார். ஓரளவுக்கு எடுக்கலாம், ஆனால் கடையக் கடைய டிரம் மெலியும், மெலிந்த டிரம் இன்னும் சீக்கிரம் சூடேறும். ஷூவின் மேலுள்ள லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தால் அதில் கலந்த பிசின் வெந்துவிட்டது என்று பொருள். தடிமன் மிச்சமிருந்தாலும் அதைத் தூக்கிப் போட வேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் தேயாமல் இருந்தால் தேயாத பக்கம் வேலையே செய்யவில்லை. தேய்ந்த சக்கரத்தைத் திட்டுவதில் அர்த்தமில்லை, அது இன்னொருவர் வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது.

இந்தத் தொழிலில் என்னை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். டிரம்மைக் கழற்றியதும் ஏர் அடித்துத் தூசியை ஊதித் தள்ளுவது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்து நோயாகத் தலைகாட்டும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது கல்நார் இல்லை என்று பெட்டியில் அச்சிட்டே லைனிங் வருகிறது. ஆனாலும் என் பட்டறையில் ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்கு ஸ்பேனர் பிடிக்கச் சொல்லித்தருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன்.

ஆக, சக்கரத்து பிரேக்கை மட்டும் நம்பி மலை இறங்க முடியாது. இன்ஜினே பிடிக்க வேண்டும். கம்மின்ஸ் இன்ஜின் கம்பெனியைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931இல் தன் டீசல் லாரியில் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தபோது, கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் கைவிட்டது; கீழே ரயில் பாதையில் போய்க்கொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பினார். இழுப்பதற்கே வாழ்க்கையைக் கொடுத்த மனிதர், பிறகு நிறுத்துவதைப் பற்றி யோசித்தார். கம்ப்ரஷனில் பிஸ்டன் காற்றை நெருக்கி மேலே வரும் நேரத்தில் எக்ஸாஸ்ட் வால்வைத் திறந்துவிட்டால், நெருக்கச் செலவான சக்தி திரும்பி வராது. இன்ஜின் அப்போது வெறும் கம்ப்ரசர்தான், வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். ஜேக்கப்ஸ் நிறுவனம் அதை 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது அதன் எளிய தம்பியான எக்ஸாஸ்ட் பிரேக். புகைக்குழாயை ஒரு தகட்டால் அடைப்பதுதான் அதன் வேலை. மேலே சொன்ன 240இல் பாதியைக்கூட எல்லா வண்டியிலும் அது தராது. ஆனால் சரியான கியரில் இருந்தால் உயிரைக் காப்பாற்றும்.

கியரில் இருந்தால்தான். தொப்பூரில் சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. அதில் மிச்சமே கிடையாது. கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், காமன் ரெயில் இன்ஜின் நாசிலுக்கு டீசல் விடுவதையே நிறுத்திவிடுகிறது. சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. பழைய இன்லைன் பம்பிலும் கவர்னர் இதைத்தான் செய்தது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் ஐடிலில் ஓட டீசல் வேண்டும். இன்ஜினையும் அணைத்துவிட்டு உருட்டினால் கம்ப்ரசர் நிற்கும், மிதிக்க மிதிக்கக் காற்று தீரும், பவர் ஸ்டீயரிங்கும் கல்லாகும். மூத்த டிரைவர்கள் ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள். அவர்களுக்கு நியூட்டனைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கணக்கு சரியாக இருந்தது.

2025இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். இன்ஜின் சூட்டிலும் வெயிலிலும் வெந்துகொண்டே ஓட்டியவர்களுக்கு இது எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. அதே சமயம் பட்டறைக்காரனாக எனக்கு ஒரு கவலை. லைனிங் கருகும் நாற்றம்தான் டிரைவருக்கு முதல் எச்சரிக்கை, அது திறந்த ஜன்னல் வழியே வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் அந்த மூக்கு இல்லை. டயர் காற்றழுத்தம்வரை டாஷ்போர்டில் காட்டும் வண்டிகள் வந்துவிட்டன, டிரம்மின் சூட்டைக் காட்டுவது முடியாத காரியமில்லை. ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கியதுபோல் இதையும் கட்டாயமாக்க வேண்டும். முன்னால் இழுக்கும் டிராக்டரில் மட்டும் போட்டால் போதாது, டிரெய்லரிலும் வேண்டும். பாரத்தில் பெரும்பங்கை நிறுத்துவது அங்கே இருக்கும் சக்கரங்கள்தான்.

மின்சார லாரியைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பேட்டரி எடையைத்தான் முதலில் சொல்வார்கள். நியாயம்தான். 300 லிட்டர் டீசல் 250 கிலோ. அது இன்ஜினில் தரும் வேலையைப் பேட்டரியில் கொண்டுபோக ஏழெட்டு டன் சுமக்க வேண்டும். நாமக்கல்லிலிருந்து குஜராத் போகிற வண்டிக்கு டீசல் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். 2025 ஜூலையில் மத்திய அரசு ஒரு மின் லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய்வரை மானியம் அறிவித்த பிறகும் தூர வண்டி ஓனர்கள் தயங்குவதில் வியப்பில்லை. ஆனால் இறக்கத்தைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த வண்டி வேறு மாதிரி தெரிகிறது. லாரி பிறந்த நாளிலிருந்து மலையிறக்கம் என்றால் சூட்டை வீணாகக் காற்றில் விடுவது. மோட்டாரை ஜெனரேட்டராகத் திருப்பும்போது முதல் முறையாக அந்த ஆற்றல் திரும்பி வருகிறது.

சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கோமாட்சு டம்பர் ஒன்றைப் பிரித்து 600 யூனிட் பேட்டரி வைத்தார்கள். பேட்டரி மட்டுமே நாலரை டன். காலி வண்டி 45 டன் எடையோடு மலை ஏறும், 65 டன் கல்லைச் சுமந்து இறங்கும். இறங்கும்போது சேரும் மின்சாரமே அடுத்த ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு ஆகிவிடுகிறது.

நமக்கும் அப்படி ஒரு சாலை இருக்கிறது. நீலகிரிக் கேரட்டும் உருளைக்கிழங்கும் உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. உதகை 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 330 மீட்டர். 16 டன் லாரி ஒன்று அந்த உயரம் இறங்கும்போது 80 யூனிட்டுக்கு மேல் விடுவிக்கிறது. டயரும் காற்றும் தின்றது போக, பாதி பேட்டரிக்குத் திரும்பினால் 40 யூனிட். குறைந்த பாரத்தோடு மேலே திரும்பும் வண்டிக்கு அதில் பெரும்பங்கு வழிச்செலவு கிடைத்துவிடும். லைனிங்கும் தேயாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க இடமிருக்காது. மோட்டார் பிடிக்காது, பழையபடி டிரம்தான் கதி. ஆகவே இந்த வண்டிகளுக்கான சார்ஜிங் நிலையத்தை மேட்டுப்பாளையத்தில் வைக்க வேண்டும். உதகையில் வைத்தால், முழுக்க ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டி குன்னூர் தாண்டுவதற்குள் எங்களைத் தேட ஆரம்பித்துவிடும்.